ஒரு வேன், ஓர் ஆண்டு: பிரிட்டிஷ் சரக்குப் பெட்டிகளை ஆராய்ந்து சேர்ப்பது பற்றி

பிரிட்டிஷ் ரயில் மாதிரிகளைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் நீராவி எஞ்சினில்தான் தொடங்குகிறார்கள். இங்கிலாந்திலுள்ள ரெடிங் நகருக்குக் குடிவந்த புதிதில் நானும் எஞ்சின்களைத்தான் வாங்கினேன். அவற்றின் பின்னால் எதைக் கோத்து ஓட்டுவது என்ற கேள்வி வந்தபோதுதான், கூரையும் கதவும் கொண்ட மூடிய சரக்குப் பெட்டிகள், அதாவது அங்கே வேன் என்று அழைக்கப்படுபவை, என் கண்ணில் பட்டன. எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் பிறந்த தேதி முதல் உடைத்த தேதி வரை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டு, நாடெங்கும் அலைந்து, யாரும் திரும்பிப் பார்க்காமலே பழைய இரும்பாகப் போன வேன்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே அவற்றைச் சேர்ப்பவர் ஓரளவுக்காவது ஆராய்ச்சியாளராக மாறியே ஆக வேண்டும். இதில் நான் கண்டுகொண்ட அடிப்படை ஒன்றுதான்: "இது இன்ன கம்பெனியின் வேன்" என்று அறிந்தால் போதாது, "இந்த எண் கொண்ட வேன், இந்த ஆண்டில், இப்படி இருந்தது" என்று சொல்ல முடிந்தால்தான் அந்த மாதிரி சரியா தவறா என்று தீர்ப்பளிக்க முடியும்.

ஆண்டைத் தேர்ந்தெடுக்க மூன்று வேலிகளை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 1921ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி 1923 ஜனவரி 1 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஜி.டபிள்யூ.ஆர். (கிரேட் வெஸ்டர்ன்), எல்.எம்.எஸ். (லண்டன் மிட்லண்டு ஸ்காட்டிஷ்), எல்.என்.இ.ஆர். (லண்டன் நார்த் ஈஸ்டர்ன்), எஸ்.ஆர். (சதர்ன்) என்ற நான்காகத் திரண்டன. 1948 ஜனவரி 1 அன்று அந்த நான்கும் தேசவுடைமையாகி பிரிட்டிஷ் ரயில்வேயாயின. இவ்விரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவது வேலி பலர் கவனிக்காதது. 1936-37 வாக்கில் நான்கு கம்பெனிகளும் வேனின் பக்கவாட்டில் பெரிதாக எழுதிவந்த முதலெழுத்துகளைக் கைவிட்டு, இடதுபுறக் கீழ் மூலையில் சிறிய எழுத்துகளுக்கு மாறின. ஆகவே பெரிய எழுத்துடன் கூடிய ஒரு வேனை 1946ஆம் ஆண்டுக் காட்சியில் நிறுத்த விரும்பினால், அது பத்தாண்டுகளாக மறுபூச்சுக் காணாத வேன் என்று பொருள். அப்படிப்பட்டவை இருந்தன என்பதும் உண்மையே. ஆனால் அதைப் பளபளப்பாக நிறுத்தக் கூடாது, மங்கலாக்கித்தான் நிறுத்த வேண்டும்.

மாதிரி ரயில்களை ஓட்டும் என் காட்சிப் பலகையை ஜி.டபிள்யூ.ஆரின் ஒரு சிறு கிளைப்பாதை நிலையமாக அமைக்க நினைத்தேன், காலம் 1938. அப்படியானால் வேன்கள் எல்லாம் ஜி.டபிள்யூ.ஆருடையவையாகவே இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறானது. முதல் உலகப் போர்க் காலத்தில் வேகன்களைக் கம்பெனிகள் பொதுவில் பயன்படுத்தும் ஏற்பாடு தொடங்கியது. எந்தக் கம்பெனியின் சாதாரண வேன் எங்கே காலியானாலும், அதைச் சொந்த ஊருக்கு வெறுமையாகத் திருப்பி அனுப்பாமல் அங்கேயே அடுத்த சரக்கை ஏற்றி எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதே அந்த ஏற்பாடு. இதன் விளைவாக, எந்த ஊர் யார்டில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்தாலும் நாட்டின் மொத்த இருப்பு விகிதம்தான் ஏறக்குறைய தெரியும். எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர். இரண்டின் வேகன் இருப்பும் மிகப் பெரியது. ஜி.டபிள்யூ.ஆர். அவற்றுக்கு வெகுவாகப் பின்தங்கியது, எஸ்.ஆர். அதிலும் சிறியது. எனவே டெவன் மாகாணத்துச் சிற்றூர் நிலையத்தில்கூட எல்.எம்.எஸ். வேன்கள் நிறையவே நிற்க வேண்டும். இந்த ஒரு செய்தி என் கொள்முதல் பட்டியலையே தலைகீழாக்கியது. பச்சை எஞ்சினுக்குப் பொருத்தமாகச் சாம்பல் நிற ஜி.டபிள்யூ.ஆர். வேன்களை மட்டும் அடுக்கி வைத்திருக்கும் அழகான காட்சிகளைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் என்னால் ரசிக்க முடிவதில்லை, அது ஒரு நோய் என்று என் மனைவி சொல்கிறார்.

இதற்கு விலக்குகள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொள்வதும் அவசியம். மீன், இறைச்சி, வாழைப்பழம், வெடிமருந்து போன்றவற்றுக்கென்று தனியே கட்டிய வேன்கள் இந்தப் பொதுப் பயன்பாட்டில் சேரவில்லை. இப்படி விலக்குப் பெற்ற வண்டிகளின் கீழ் மூலைகளில் "என்" என்ற எழுத்தைச் சிறிதாக எழுதிவைத்தார்கள். வாழைப்பழ வேன் என்றால் நீராவியால் சூடேற்றும் குழாய் அமைப்புடன், ஏவன்மவுத், கார்ஸ்டன் போன்ற துறைமுகங்களிலிருந்து தொகுப்பாகப் புறப்பட்டு, காலியானதும் அங்கேயே திரும்பும். ஆகவே ஒற்றை வாழைப்பழ வேனைக் கிளைப்பாதையின் கோடியில் ஆறு மாதமாக நிறுத்தி வைத்திருப்பதற்கு ஏதாவது காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி, கையில் ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு அதை எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். வாராந்தர விற்பனைச் சந்தையில், பெட்டியில்லாமல் குவித்து வைத்திருக்கும் வேன்களில் ஒன்றை எடுத்தால் நான் முதலில் எழுத்தைப் பார்ப்பதில்லை, தலைகீழாகத் திருப்பி ஸ்டீல் ரூலரை வைக்கிறேன். ஓஓ என்ற மாதிரி அளவில் அசலின் ஓர் அடிக்கு 4 மி.மீ. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 36 மி.மீ. இருந்தால் அசல் வண்டியில் 9 அடி, 40 மி.மீ. இருந்தால் 10 அடி. உடலின் நீளம் 64 மி.மீ. என்றால் 16 அடி, 70 மி.மீ. என்றால் 17 அடி 6 அங்குலம். பழைய வேன்களில் 16 அடி உடலும், பிற்காலத்தில் 17 அடி 6 அங்குல உடலும் வழக்கம். அச்சு இடைவெளி 9 அடியிலிருந்து 10 அடிக்கு நகர்ந்ததும் காலத்தைச் சொல்லும் அடையாளமே. மலிவான பழைய மாதிரிகளில் ஒரே அடிச்சட்டத்தை எல்லா உடல்களுக்கும் கீழே மாட்டி விற்றிருக்கிறார்கள். அப்படிப்பட்டதில் உடல் சரியாக இருந்தும் 9 அடி இருக்க வேண்டிய இடத்தில் 10 அடி இருக்கும். அதைக் கண்டால் உடலுக்கான விலையை மட்டும் மனத்தில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் சரியான அடிச்சட்டத்தைத் தனி உதிரியாக வாங்கி மாட்டும் செலவு பின்னால் வரும். (இந்த அளவிலேயே தண்டவாளத்தின் அகலம் சரியில்லை என்பது வேறு கதை. 4 அடி 8½ அங்குலத்துக்கு 18.83 மி.மீ. வர வேண்டும், நாம் ஓட்டுவதோ 16.5 மி.மீ. தண்டவாளத்தில். அதை ஏற்றுக்கொண்டுவிட்டு அச்சு இடைவெளிக்காகச் சண்டை போடுவது விநோதம்தான்.)

அளந்த பிறகு முனைச் சுவரைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். எல்.எம்.எஸ். 1920களின் பின்பகுதியிலிருந்தும், எல்.என்.இ.ஆர். 1930களிலும் முனைச் சுவருக்கு நெளிவான எஃகுத் தகட்டைக் கொண்டுவந்தன. ஜி.டபிள்யூ.ஆரும் எஸ்.ஆரும் பலகை முனைகளையே தொடர்ந்தன. நெளிவுகள் எத்தனை, காற்றோட்டக் கூடுகள் ஒன்றா இரண்டா, அவை எந்த உயரத்தில் உள்ளன என்று எண்ணிக் குறித்துக்கொண்டால் பாதி அடையாளம் முடிந்தது. அடுத்தது கதவு. எல்.எம்.எஸ். வேன்களில் பெரும்பாலும் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு, மற்ற மூன்றிலும் பெரும்பாலும் கீல் வைத்த இரட்டைக் கதவு. ஜி.டபிள்யூ.ஆர். 1886 முதல் கட்டிய இரும்பு வேன்கள் தனி இனம்: பக்கமும் முனையும் இரும்புத் தகடு, மூலைகள் வளைந்திருக்கும், பலகைக் கோடே இராது. அக்கம்பெனியின் தந்திக் குறிப்பில் மூடிய வேனுக்கு மிங்க் என்று பெயர் என்பதால் இவை இரும்பு மிங்க் என்று அழைக்கப்படுகின்றன. மோட்டார் கார் ஏற்ற முனையிலும் கதவு வைத்தது மோகோ, இறைச்சி வேன் மைகா. இந்தப் பெயர்களை வேனின் பக்கவாட்டிலேயே எழுதிவைத்தார்கள் என்பது ஆராய்பவருக்குக் கிடைத்த கொடை.

எஸ்.ஆரின் வேனைத் தொலைவிலிருந்தே கூரையைக் கொண்டு சொல்லிவிடலாம். பக்கங்களில் சட்டென்று சரிந்து இறங்கும் அந்த நீள்வட்ட வளைவு வேறு எவரிடமும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரத்தை மிச்சப்படுத்துவதற்காக அதே வேனை இரண்டு அகலப் பலகை, இரண்டு குறுகிய பலகை என்று மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டினார்கள். இப்போது சிக்கலுக்கு வருவோம். இப்படிப்பட்ட எஸ்.ஆர். வடிவ வேன்கள் போர்க் காலத்தில் எல்.எம்.எஸ்ஸுக்கும் ஜி.டபிள்யூ.ஆருக்கும்கூட வழங்கப்பட்டன. எனவே எஸ்.ஆர். கூரையின் கீழ் ஜி.டபிள்யூ. என்ற எழுத்தைக் கண்டால் அதைத் தயாரிப்பாளரின் கற்பனை என்று ஒதுக்கிவிடக் கூடாது. தேசவுடைமைக்குப் பிறகும் இதே கதை தொடர்கிறது. பிரிட்டிஷ் ரயில்வே தனக்கென ஒரு வடிவத்தை முடிவு செய்யும் வரை பழைய பணிமனைகள் தத்தம் பழைய வடிவங்களையே கட்டின, ஆனால் அவற்றுக்குப் புதிய "பி" எண் வழங்கப்பட்டது. "எம்", "இ", "டபிள்யூ", "எஸ்" என்ற முன்னெழுத்துகள் கொண்டவை முறையே எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர்., ஜி.டபிள்யூ.ஆர்., எஸ்.ஆர். ஆகிய பழைய நான்கு கம்பெனிகளிடமிருந்து வந்தவை, "பி" புதிதாகக் கட்டியது. ஆகவே எஸ்.ஆர். உடலில் "பி" எண் இருப்பதில் தவறில்லை, அதே உடலில் "இ" எண் இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

பிரேக் அமைப்பையும் விட்டுவிடலாகாது. மிகப் பழைய வேன்களில் ஒருபுறம் மட்டுமே கை பிரேக் இருந்தது. பின்னர் இருபுறத்திலிருந்தும் இயக்கும்படி விதி வந்தது. நெம்புகோலை எதிர்கொண்டு நிற்பவருக்கு அது வலது முனையில் அமைய வேண்டும் என்பதே ஒழுங்கு. ஜி.டபிள்யூ.ஆர். டீன்-சர்ச்வர்டு என்ற தனது சொந்த அமைப்பை வைத்திருந்து, பிறகுதான் மற்றவர்கள் பயன்படுத்திய மார்ட்டன் அமைப்புக்கு மாறியது. என் 1938 காட்சியில் ஜி.டபிள்யூ.ஆர். வேன் ஒன்று மார்ட்டன் நெம்புகோலுடன் நிற்பதானால் அதற்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவே. சிறிய பிளாஸ்டிக் துண்டுதான், ஆனால் ஆண்டைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது கண்ணை உறுத்தும்.

இவ்வளவையும் எங்கே சரிபார்ப்பது? யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் நூலகமும், கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ரயில்வேப் பிரிவும் பெரிய கடல்கள். கேள்வியைக் கூர்மையாக்காமல் போனால் நாள் முழுவதும் வீணாகும். எனக்கு அதிகம் உதவியது 1950இல் தொடங்கப்பட்ட ஹிஸ்டாரிகல் மாடல் ரயில்வே சொசைட்டி. அதன் புகைப்படங்களும் வரைபடங்களும் பொருள்வாரியாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால், "எல்.எம்.எஸ்., 12 டன், நெளிவு முனை" என்று கேட்டால் தேவையானது கிடைக்கும். 1923க்கு முந்தைய மிட்லண்டு கம்பெனியைப் பற்றி என்றால் டெர்பியிலுள்ள ஆய்வு மையம். டிட்காட் ரயில்வே மையத்தில் ஜி.டபிள்யூ.ஆர். வேன்கள் பலவற்றை நேரில் சுற்றிவந்து பார்க்கலாம். ஆனால் அருங்காட்சியக வேனைச் சாட்சியாகக் கொள்ளும்போது ஒரு கவனம் தேவை: அது தன் வாழ்நாளின் கடைசியில் எப்படி இருந்ததோ அப்படித்தான் மீட்கப்பட்டிருக்கும், பலகைகள் மாற்றப்பட்டிருக்கலாம், வேறொன்றின் அடிச்சட்டத்தில் ஏற்றப்பட்டிருக்கலாம், பூச்சு மீட்டவர்களின் தேர்வாக இருக்கலாம். உடலின் கட்டமைப்பை அதில் படிக்கலாம், நிறத்தைப் படிக்கக் கூடாது. கட்டமைப்பு என்று வரும்போது கிராமப்புறப் பண்ணைகளும் அருங்காட்சியகங்களே. சக்கரம் கழற்றிய வேன் உடல்களை விவசாயிகள் வாங்கித் தீவனக் கிடங்காகவும் கோழிக் கூண்டாகவும் தரையில் வைத்தார்கள், இன்றும் சில நிற்கின்றன. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனால், வரைபடத்தில் தெரியாத உட்சட்டங்களையும் கதவின் கீல்களையும் தொட்டுப் பார்க்க முடியும்.

சாட்சிகளில் முதலிடம் தேதியிட்ட புகைப்படத்துக்கே. ஒரு கண்காட்சியில் பழைய தாள்கள் விற்பவரிடம் அஞ்சலட்டை அளவுப் படம் ஒன்று வாங்கினேன். பின்புறம் பென்சிலில் 1949 என்று மட்டும் எழுதியிருந்தது. படத்தின் நடுவில் எஞ்சின், அதற்காகத்தான் எடுத்தவர் எடுத்திருக்கிறார். அதன் பின்னால் பாதி தெரியும் வேன் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, பக்கப் பலகைகளில் பூச்சே இல்லை என்பது தெரிந்தது. வெற்று மரம் வெயிலில் வெளுத்து நின்றது, எண் எழுதிய இடத்தில் மட்டும் கரிய பட்டை ஒன்று அடித்து, அதன்மேல் "எம்" என்ற முன்னெழுத்துடன் எண் எழுதியிருந்தார்கள். போர்க் காலத்திலும் அதையடுத்த ஆண்டுகளிலும் பெயின்ட்டைச் சிக்கனப்படுத்தியதன் அடையாளம் அது. இதைப் படித்து அறிந்திருந்தேன், ஆனால் எந்தப் பலகை வரை பூச்சு, பட்டையின் விளிம்பு எவ்வளவு ஒழுங்கற்றது, இரும்புப் பட்டைகளிலிருந்து துரு எப்படி வழிந்திருக்கிறது என்பதையெல்லாம் அந்தப் படம்தான் சொன்னது. என் எல்.எம்.எஸ். வேன் ஒன்றை அப்படியே அதைப் பார்த்துத் தீட்டினேன். எஞ்சின் படங்களை மலிவாக வாங்கிப் பின்னணியைத் துழாவுவதுதான் வேன் ஆராய்ச்சியின் சிக்கனமான வழி என்பது என் அனுபவம்.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தை ஊகிக்கையில் நிதானம் வேண்டும். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியதாகவும் காட்டும். பணிமனை எடுத்த அதிகாரபூர்வப் படங்களில் வண்டியைப் படத்துக்கென்றே வேறு நிறத்தில் பூசியதும் உண்டு. ஜி.டபிள்யூ.ஆர். வேகன்கள் சிவப்பிலிருந்து சாம்பலுக்கு எப்போது மாறின என்பதைப் பற்றி ஆர்வலர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 1904 வாக்கில் பெரிய எழுத்துகள் வந்ததற்கு முந்தைய காலத்தைக் காட்ட விரும்புபவர் அந்த வாதத்துக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். பிற்காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. பிரிட்டிஷ் ரயில்வேயில் வாக்குவம் பிரேக் (எஞ்சினிலிருந்தே இயக்கும் வெற்றிட பிரேக்) இல்லாதது சாம்பல், உள்ளது பாக்சைட் பழுப்பு, குளிர்காப்பு வேன் வெள்ளை. அதிர்ச்சி தாங்கும் வேன்களில் உடல் அடிச்சட்டத்தைவிடக் குட்டையாக இருந்து வில்களின்மேல் முன்னும் பின்னும் நகரும் என்பதால், யார்டில் வண்டிகளைக் கோத்துப் பிரிக்கும் ஷன்டர்களுக்குத் தெரியும்படி செங்குத்தான வெள்ளைப் பட்டைகள் இட்டார்கள். "எக்ஸ்.பி." என்ற குறி இருந்தால், வேகமான பயணி ரயிலில் கோக்கத் தகுதியுடைய வண்டி என்று பொருள், அதற்கு 10 அடியாவது அச்சு இடைவெளி வேண்டும். 9 அடி அடிச்சட்டத்தில் எக்ஸ்.பி. எழுதிய மாதிரியைக் கண்டால் ஸ்டீல் ரூலரை மீண்டும் எடுக்கலாம்.

அசலுக்கு ஏற்ற மாதிரி என்ற இந்த அளவுகோல் பழம்பொருளாகச் சேர்க்கும் பொம்மை வேன்களுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1938இல் லிவர்பூலின் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஹார்ன்பி டப்லோ என்ற பொம்மை ரயில் வகையின் வேன்களில் உடல் அச்சிட்ட தகரம், பலகைக் கோடுகள் எல்லாம் வெறும் மை. அவற்றின் மதிப்பு அசலை ஒத்திருப்பதில் இல்லை, தாமே வரலாறாக இருப்பதில் இருக்கிறது. அங்கே ஆராய வேண்டியது தயாரிப்பின் காலம். வண்டிகளை இணைக்கும் கப்ளிங் போருக்கு முந்தைய தட்டையானதா, போருக்குப் பின் பீக்கோ நிறுவனத்தின் வடிவில் வந்ததா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். போருக்கு முந்தைய வார்ப்பு அடிச்சட்டங்களில் உலோகம் நொறுங்கும் நோய் உண்டு. வார்ப்பில் மயிரிழை வெடிப்போ, நீளவாக்கில் சிறு வளைவோ தெரிந்தால், உடல் எவ்வளவு புதிதாக மின்னினாலும் நான் வைத்துவிடுவேன், ஏனெனில் அந்த நோய்க்கு மருந்தில்லை. இப்படிப்பட்ட ஒன்றை வாங்கிச் "சரியான" எழுத்துகளை மாற்றி ஒட்டுவது அதைக் கெடுப்பதாகும். அப்படிச் செய்ய ஆசைப்படுபவர் பாகங்களை நாமே ஒட்டிக் கட்டும் புதிய பிளாஸ்டிக் கிட் ஒன்றை வாங்குவது நல்லது. கிட்டில் பிரேக் நெம்புகோல், கப்ளிங், காற்றோட்டக் கூடு எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் உரிமை கட்டுபவருக்கே இருக்கிறது.

ஒவ்வொரு வேனுக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். எண், தேர்ந்தெடுத்த ஆண்டு, அதற்கு ஆதாரமான படம் எது, எந்த விவரம் படத்தில் தெரிந்தது, எது அதே வகையின் வேறு வேனிலிருந்து ஊகித்தது என்று தனித்தனியாக எழுதுவேன். தெரிந்ததும் ஊகித்ததும் ஒரே வரியில் கலந்துவிட்டால் இரண்டாண்டு கழித்து எழுதியவருக்கே பிரித்தறிய முடியாது. மாதிரியில் நான் மாற்றிய பாகங்களையும், பயன்படுத்திய பெயின்ட்டையும் அதே அட்டையில் குறித்து, பெட்டிக்குள் மடித்து வைக்கிறேன். அண்மையில் ஓர் எல்.என்.இ.ஆர். மீன் வேனை இன்னொரு சேகரிப்பாளருக்கு விற்றபோது அவர் வேனைப் பார்ப்பதற்கு முன் அந்த அட்டையைத்தான் வாங்கிப் படித்தார். ஊகம் என்று நான் எழுதியிருந்த கூரை நிறத்துக்குத் தன்னிடம் படம் இருப்பதாகச் சொல்லி, விலையில் சிறிது குறைத்துக் கேட்டார். கொடுத்துவிட்டு, அந்தப் படத்தின் நகலை நான் வாங்கிக்கொண்டேன்.